ஆயிரத்து நூறு அடி நல்ல தண்ணி

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பந்திக்குக் காத்திருக்கும் ஆண்கள், முட்டை விலை பேசி முடித்ததும் மூன்று எண்களுக்கு வந்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, போர் எத்தனை அடி, வீட்டுத் தண்ணி டி.டி.எஸ். எவ்வளவு. சர்க்கரை குறைந்தால் பெருமை. அடி கூடினால் பெருமை. மூன்றாவதில்தான் கட்சி பிரியும். “எங்கூட்டுல நாப்பதுதானுங்க” என்பவர் தண்ணி வடிக்கிற ஆர்.ஓ. மெஷின் வாங்கியவர். “எங்குளுக்கு ஆயிரத்து அறநூறுங்க” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருபவர் இனிமேல் வாங்கப்போகிறவர். யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார். எழுதுகிற பேனா இல்லை, தண்ணீரில் முக்கினால் எண் காட்டுகிற பேனா. மண்டபத்துக் கேன் தண்ணியில் அதை முக்கிப் பார்த்தே பெண் வீட்டாரின் செல்வாக்கை எடைபோட்டுவிடுவார்.

நான் சேந்தமங்கலத்தில் பிள்ளையாய்த் திரிந்த 1970-களில் தண்ணிக்கு எண் கிடையாது, குணம்தான். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி. துவைக்கவும் மாடு கழுவவும் உப்புத் தண்ணி. இரண்டுக்கும் நடுவில், விருந்தாளிக்குக் கொடுக்கக் கூச்சப்படுகிற, அவசரத்துக்கு நாமே குடித்துக்கொள்கிற சப்பைத் தண்ணி. எந்தக் கிணறு எந்த ரகம் என்பது ஊருக்கே மனப்பாடம். கொல்லிமலையைப் பார்த்துப் போகப் போகத் தண்ணி தேறும், சமவெளிக் காட்டுக்குள் இறங்க இறங்க உப்பேறும். பெண் கொடுக்கிறவர்கள்கூட இந்தப் பூகோளத்தைக் கணக்கில் வைத்திருந்தார்கள். அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவளுக்கு மாமியார் எப்படி வாய்த்தாலும் பருப்பு வேகும்.

பரிசோதனைக் கூடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது என் அம்மாயியின் அடுப்பங்கரைதான். புதுக் கிணற்றிலிருந்து தண்ணி வந்தால் முதல் சாட்சி துவரம்பருப்பு. ஒரு கட்டு விறகு எரிந்தும் பருப்பு பருப்பாகவே கிடந்தால் தண்ணி தேறவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. அம்மாயிக்கு இது தெரியாது. அவர் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவைப் போட்டு இறுக்கத்தை அவிழ்த்துவிட்டு, “கெணத்துக்குப் புத்தி இல்லீன்னா நாமதான் கண்ணு ரோசன பண்ணோணும்” என்பார். அடுத்த சாட்சி சோப்பு. உப்புத் தண்ணியில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது, கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து வெள்ளை அழுக்காக மிதக்கும். ஆகவே தலைக்கு அரப்பு. அரப்பில் நுரையைத் தருவது சப்போனின். அது கால்சியத்திடம் சிக்குவதில்லை. அரப்பும் சீயக்காயும் எங்கள் பண்பாடு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கால்சியத்துக்கும் ஒரு நன்றி சொல்லலாம். பிற்பாடு ஷாம்பு பாக்கெட் வந்து அரப்பை விரட்டியதும் அதே தகுதியால்தான். அதுவும் உப்புத் தண்ணியில் நுரைக்கும்.

மூன்றாவது சாட்சி வெந்நீர்த் தவலை. காய்ச்சக் காய்ச்ச உள்ளே வெள்ளையாகப் படியும், அம்மாயி புளி போட்டுத் தேய்ப்பார். பள்ளிக்கூடத்தில் தற்காலிகக் கடினத்தன்மை என்று ஒரு பாடம் வந்தபோதுதான் தவலையில் படிந்தது கால்சியம் கார்பனேட் என்பதும், புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம் என்பதும் எனக்குத் தெரிந்தது. வீட்டில் வந்து சொன்னேன். “அப்பச் சரி, நீயே தேயி” என்று தவலையை என் பக்கம் தள்ளினார்.

உப்பைப் போக்க வைத்தியமும் இருந்தது. கிணற்றின் அடியில் நெல்லிக் கட்டை போடுவார்கள். கரைந்த உப்பைக் கட்டை எடுத்து எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆனால் நெல்லிக்காயைக் கடித்துவிட்டுக் குடித்தால் எந்தத் தண்ணியும் இனிக்கும். அந்த இனிப்பில் கிணற்றையே தேற்றிவிட்டதாக ஊர் நம்பியது. நாக்கை ஏமாற்றித் தண்ணியைத் திருத்துகிற இந்த வித்தை பிற்காலத்தில் வேறு வடிவத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதையெல்லாம் சொன்னால் கேட்கிறவர்கள் ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். நல்ல தண்ணிக் கிணறு ஊருக்குள் இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த தெருவுக்கு அந்தக் கிணற்றின் கயிறைத் தொடும் உரிமை இல்லை. அந்தத் தெருப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். உள்ளூர்க்காரர் யாராவது இறைத்து ஊற்ற வேண்டும். ஊற்ற யாருக்கும் மனம் வராத நாளில் அவர்களுக்கு உப்புத் தண்ணிதான். நிலத்தடி நீரின் வரைபடத்தில் பாறை, சரிவு, மழை என்று அடுக்கடுக்காக வரைகிறார்கள். எங்கள் பக்கத்தில் சாதி என்று இன்னோர் அடுக்கையும் வரைய வேண்டியிருக்கும். படியிறங்கிக் கால் நனைத்து மொள்ளும் கிணறுகளில் நரம்புச் சிலந்தி என்ற புழு வேறு. குடித்த ஒரு வருஷம் கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் குணமாகி, 2000-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு விடுதலைச் சான்று கொடுத்தது. எனவே அந்தக் காலத்துத் தண்ணிக்கு நான் கோயில் கட்டவில்லை.

முதல் மாற்றம் அடிபம்பு. 1966, 67 வறட்சிக்குப் பிறகு பாறையை வேகமாகத் துளைக்கும் எந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதுவரை எங்கள் கருங்கல் சீமையில் தண்ணிக்குக் கடப்பாறையும் வெடிமருந்தும்தான் வழி. துளை போட்டார்கள். மேலே வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் உடைந்துகொண்டே இருந்தன. அதற்கு மாற்றாக 1970-களில் பிறந்ததுதான் இந்தியா மார்க் 2. சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் ஆலையில் உருவாகி, கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடித்து அடித்துச் சோதிக்கப்பட்டு, பின்னர் ஆப்பிரிக்கா வரைக்கும் போன பம்பு. அடிபம்புக்குச் சாதி தெரியாது என்று எழுத ஆசைதான். எந்தத் தெருவில் முதலில் போடுவது என்று முடிவு செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்தத் தெருவுக்கும் ஒரு நாள் ஒன்று வந்து சேர்ந்தது, யாரும் ஊற்றக் காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. ராத்திரி குழாயில் நின்ற தண்ணி விடியற்காலையில் செங்காவியாக, இரும்பு வாசத்தோடு வரும். முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு இரண்டாவதிலிருந்து குடித்தார்கள்.

பிறகு வந்தது திருச்செங்கோட்டு வண்டி. இந்தியாவில் எங்கே போர் போட்டாலும் அந்த ரிக் வண்டியின் பதிவு எண் எங்கள் நாமக்கல் மாவட்டத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊரெல்லாம் துளைத்துவிட்டுச் சொந்த ஊரைச் சும்மா விடுவார்களா? கவலை கட்டி மாட்டால் இறைத்த கிணறுகளில் ஆயில் எஞ்சின் வந்தது, எஞ்சின் போய்க் கரண்டு மோட்டார் வந்தது, 1990-களில் அந்தக் கரண்டும் விவசாயத்துக்கு இலவசம் என்றானது. கிணற்று மட்டம் இறங்கியது. கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் துளை போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் கிணற்றை விட்டுவிட்டு நேரே கீழே போனார்கள்.

என் மாமா தோட்டத்தில் போர் போட்ட ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி வந்து நின்றது. மேலே இருக்கும் மண்ணும் மக்கின பாறையும் சரியாமல் இருக்கக் கேசிங் பைப்பை இறக்கினார்கள். நூறு அடியில் புகை. முந்நூறில் புகை. அறுநூறில் மாமா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். ஆழம் கூடக்கூட அடிக்கு ரேட்டும் கூடும் என்பதால் அவர் முகத்தைப் பார்த்தே எத்தனை அடி என்று சொல்லிவிடலாம். “எண்ணூத்தம்பதுல ஒரு கேப் தட்டுதுங்க” என்றார் டிரில்லர். ஆயிரத்து நூறில் ஒன்றரை இன்ச் தண்ணி பீய்ச்சியது. மாமா அதைக் கையில் பிடித்துக் குடித்துவிட்டு அழாத குறையாகச் சொன்னார்: “நல்ல தண்ணிடா மாப்ள! உப்பே இல்லடா!”

உப்பே இல்லைதான். வம்பு அங்கேதான் தொடங்கியது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்கள் தாலுகாவின் அடியில் மணலும் இல்லை, வண்டலும் இல்லை. மலையில் சார்னோக்கைட் என்ற கருநீலக் கல், சமவெளியில் பட்டை பட்டையான நைஸ் பாறை. 1864-லேயே வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் சேலம் ஜில்லாவின் பாறைகளை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஜில்லாவிலிருந்து 1965-ல் தருமபுரி பிரிந்தது, 1997-ல் நாமக்கல் தனியாக இயங்கத் தொடங்கியது. பாறை மட்டும் இன்னும் பிரியவில்லை. இந்தப் பாறையின் மேல்பகுதி வெயிலிலும் மழையிலும் மக்கி, சில பத்து அடிகளுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். பழைய கிணறுகள் குடித்தது இந்த அடுக்கைத்தான். மழைத்தண்ணீர் மண்ணிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் தண்ணீருக்கு வருகின்றன. அம்மாயியின் பருப்பை வேகவிடாமல் செய்தவை இவைதான். ஒவ்வொரு ஐப்பசியிலும் புது மழை இறங்கிப் பழைய உப்பை நீர்க்கச் செய்துவிடும். மலையடிவாரத்தில் தண்ணி தேறியதற்கும் காரணம் அதுவே. அங்கே அது பாறையோடு பழகிய காலம் குறைவு.

அந்த அடுக்குக்குக் கீழே இருப்பது திடப்பாறை. அதில் அங்கங்கே வெடிப்புகள், டிரில்லர் சொல்லும் கேப்புகள், மட்டுமே. அந்த வெடிப்புகளில் தண்ணி வெகுகாலம் கிடக்கிறது. கிடக்கும்போது அதிலுள்ள கால்சியம் சுக்கானாகப் படிந்தோ, களிமண் கனிமங்களிடம் சோடியத்தை வாங்கிக்கொண்டு தன்னை விட்டுக்கொடுத்தோ, குறைந்துபோகிறது. தண்ணி மென்மையாகிறது. சோப்பு நுரைக்கிறது, பருப்பு வேகிறது, மாமா அழுகிறார். ஆனால் இதே பாறையின் பயோட்டைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. தண்ணியில் கால்சியம் தாராளமாக இருந்தால் கரைகிற ஃப்ளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃப்ளோரைடாகப் படியவைத்துவிடும், அளவு மீறவிடாது. கால்சியம் இல்லாத இடத்தில் ஃப்ளோரைடைத் தடுக்க ஆளில்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் திட்டிய உப்புத் தண்ணியின் கடினத்தன்மைதான் எங்கள் பல்லுக்குக் காவலாளியாக இருந்திருக்கிறது. அந்தக் காவலாளி இருந்த மேல் அடுக்கைக் கேசிங் பைப் போட்டு அடைத்துவிட்டு, அடிக்கு அடி பணம் கட்டிக் கீழே போய், காவலில்லாத தண்ணியைக் கண்டுபிடித்து அதற்கு நல்ல தண்ணி என்று மாலை போட்டோம். ஆழத்துத் தண்ணியெல்லாம் இப்படித்தான் என்றில்லை, ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் பாறையின் வெடிப்பு மாறும். மாமாவின் வெடிப்பு இப்படி வாய்த்தது.

ஃப்ளோரைடுக்கு ருசி இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. அது தன் கையெழுத்தைக் குழந்தைகளின் பல்லில் மட்டும் போடும். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு 1901-ல் போன பல் மருத்துவர் ஃபிரடெரிக் மெக்கே, ஊர்ப் பிள்ளைகளின் பல்லெல்லாம் காவியேறிக் கிடப்பதைப் பார்த்துக் காரணம் தேடத் தொடங்கினார். தண்ணீர்தான் என்று சந்தேகித்தார், ஆனால் அந்தக் காலத்துச் சோதனைகளில் எதுவும் சிக்கவில்லை. 1931-ல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில்தான் ஃப்ளோரைடைப் பிடித்துக் கொடுத்தார். 1937-ல் ஷார்ட்டும் கூட்டாளிகளும் நம் சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் அது பல்லோடு நிற்காமல் எலும்பையும் முடக்குவதை எழுதினார்கள். அளவாக இருந்தால் பல் சொத்தையைத் தடுக்கும் என்று தெரிந்ததும், 1945-ல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தார் தங்கள் குடிநீரில் ஃப்ளோரைடைச் சேர்க்கவே தொடங்கினார்கள். இங்கே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதைத் தவிர்க்க, ஜப்பானியக் கடனில் ரூ.1,900 கோடிக்கு மேல் செலவழித்து ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயில் ஏற்றினோம். 2013-ல் திறந்தார்கள். பற்பசையில் காசு கொடுத்து வாங்குவதும், தண்ணியில் காசு கொடுத்து விரட்டுவதும் ஒரே பொருள்தான், அளவுதான் வேறு. தருமபுரிக்காரர் பல்லைப் பார்த்துச் சிரித்த எங்கள் ஆட்கள், நிலத்தடி நீர் வாரியம் தரும் ஃப்ளோரைடு பட்டியலில் நாமக்கல் பெயரும் இருப்பதைச் சொன்னால் நம்புவதில்லை. “நம்ம ஊர்லயா? டி.டி.எஸ். அறநூறுதானுங்களே!”

பேனாவின் பிழை அதுதான். பேனா உப்பை அளப்பதில்லை. தண்ணி மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு பெருக்கலால் எண்ணாக்கிச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 10500 என்ற ஏட்டில், மொத்தக் கரைபொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணி கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது. கடினத்தன்மைக்கு 200, விதியில்லாவிட்டால் 600. ஃப்ளோரைடுக்கு 1, மிஞ்சினால் 1.5. நைட்ரேட்டுக்கு 45, அதற்குமேல் சலுகையே இல்லை. அறுநூறு காட்டுகிற பேனாவில் அந்த ஒன்றரையை எங்கே தேடுவது? சட்டம் தாராளமாக இருக்கும் பொருளைப் பேனா காட்டுகிறது, கறாராக இருக்கும் பொருளைக் காட்டாமல் விடுகிறது. பேனா காட்டுவதை எங்கள் நாக்கே எப்போதும் காட்டியது.

நைட்ரேட் கதைக்குக் கோழியைக் கேட்க வேண்டும். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் தண்ணியை முதன்முதலில் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள் மனிதருக்காக அனுப்பவில்லை. 1985-ல் வந்த நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சுற்றிப் பண்ணைத் தொழில் படித்துத் தேறியது. கோழி வாய்க்கால் தண்ணி குடித்த காலம் போய் நிப்பிள் வந்தபோது, கடின நீர் நிப்பிளை அடைத்தது. தண்ணியில் கலந்து கொடுத்த டெட்ராசைக்ளின் மருந்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டதால் கோழிக்கு மருந்து சேரவில்லை. நஷ்டம் என்றதும் விஞ்ஞானம் வேகமாக வந்தது. அமிலம் கலப்பதா, குளோரின் எவ்வளவு, தடுப்பு மருந்து கொடுக்கும் அன்று குளோரினை நிறுத்துவதா என்று பண்ணைக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் ரசாயனப் பேராசிரியர்கள் தோற்றார்கள். ஷெட்டுக்குள் கோழி சோதித்த தண்ணியைக் குடித்தது. ஷெட்டுக்கு வெளியே கூலிக்கு நின்றவர் பக்கத்துக் குழாயில் வாய் வைத்துக் குடித்தார்.

அந்தக் கோழிகளின் எரு மலையாய்க் குவிகிறது, காட்டுக்குப் போகிறது, மழையில் நனைகிறது. எருவிலும் யூரியாவிலும் செப்டிக் டேங்கிலும் உள்ள நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறினால் மண் அதைப் பிடித்துவைக்காது, மழையோடு நேரே இறங்கிவிடும். முதலில் சேருமிடம் அந்தப் பழைய மேல் அடுக்கு. ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் செறியும். 1945-ல் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்றுத் தண்ணியில் பால்மாவு கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம்பாய்வதைக் கண்டு எழுதினார். நைட்ரேட் குழந்தையின் ரத்தத்தைப் பிராணவாயு சுமக்கவிடாமல் செய்கிறது. மரவள்ளி ஆலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஜவ்வரிசி வெளுக்க நல்ல தண்ணி வேண்டும் என்று தேடித் தேடிப் போர் போட்ட ஆலைகள் பல, வெளியே விட்ட புளித்த தண்ணியால் அக்கம்பக்கத்துக் கிணறுகளை நாறவைத்தன. இப்போது சில அந்தக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கின்றன. நல்லதுதான், கிணறு கெட்ட பிறகு அடுப்பாவது எரிகிறது.

ஆக மேலே நைட்ரேட், கீழே ஃப்ளோரைடு, நடுவில் நாங்கள். இந்த இடத்தில்தான் வாசலில் மெஷின்காரர் வந்து நின்றார்.

அவர் போட்ட நாடகம் எங்கள் தெருவில் வீடு வீடாக நடந்தது. இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் வீட்டுத் தண்ணி, மற்றதில் அவர் கொண்டுவந்த தண்ணி. கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் முக்கிக் கரண்டு கொடுப்பார். வீட்டுத் தண்ணி நொடியில் செங்காவியாகிச் சேறாகும், அவர் தண்ணி தெளிவாகவே நிற்கும். “இதைத்தானுங்கம்மா இத்தனை நாள் குடிச்சிருக்கீங்க!” பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சேறு தண்ணியிலிருந்து வந்ததல்ல, கருவியின் இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. உப்பு இருக்கும் தண்ணியில் கரண்டு ஓடும், கம்பி கரையும். உப்பில்லாத தண்ணியில் கரண்டே ஓடாது. இளநீரில் முக்கினாலும் இதே சேறுதான் வரும். நெல்லிக்காய் நாக்கை ஏமாற்றியது, இது கண்ணை. நெல்லிக்காய்க்குத் தவணை கட்ட வேண்டியதில்லை.

கூடவே ஒரு பயமுறுத்தல்: உப்புத் தண்ணி குடித்தால் கிட்னியில் கல். கடின நீருக்கும் கல்லுக்கும் அப்படியொரு நேரடி உறவு நிரூபணமாகவில்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணம் காட்டி எந்த வரம்பும் வைக்கவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் உள்ள வீட்டில் இந்த மெஷின் உண்மையிலேயே உதவும், பெரும்பகுதியை எடுத்துவிடும். இல்லாத கல்லைச் சொல்லி விற்ற மெஷின், சொல்லாத ஃப்ளோரைடைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது. தேவைப்பட்டவர்களுக்கு அது தெரியாது, தேவைப்படாதவர்கள் தவணை கட்டினார்கள். குழாயில் முறை வைத்து வரும் காவிரித் தண்ணியையும் அதே மெஷினில் ஊற்றி வடித்தார்கள். 500-க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள இடங்களில் இந்த மெஷினைத் தடை செய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டது எங்கள் தெருவுக்கு எட்டவேயில்லை. ஒரு லிட்டர் வடிக்க ஏறக்குறைய மூன்று லிட்டர் வெளியே போகும். வடித்தெடுத்த உப்பையெல்லாம் சுமந்துகொண்டு அது கொல்லைப்புறத்து மண்ணில் இறங்கி, வந்த வழியே திரும்புகிறது. வடித்த தண்ணி மொட்டையாக இருக்கிறது என்று புகார் வந்ததும், அதில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்க்க மெஷினுக்கு ஒரு ‘மினரல்’ டப்பா வந்தது. அதற்குத் தனி விலை. அம்மாயி சோடா போட்டு விரட்டிய அதே கால்சியம்.

மழைத்தண்ணீர் என்று ஒன்று இருப்பது அரசாங்கத்துக்கு நினைவு வந்து 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் தெருவில் அந்தக் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலானவை மாடியிலிருந்து இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிடுகின்றன. பாறைக்குள் இறங்கி எந்த ஃப்ளோரைடையும் நைட்ரேட்டையும் காசில்லாமல் நீர்க்கச் செய்திருக்கும் தண்ணி, சிமென்ட் ரோட்டில் ஓடிச் சாக்கடைக்குப் போகிறது.

2019-ல் ஜல் ஜீவன் இயக்கம் வந்தபோது, ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணிப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். மாமாவின் தோட்டம் இருக்கும் ஊராட்சியில் அந்தப் பயிற்சிக்குப் போனவள் அவருடைய தம்பி மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்தாள், நானும் இருந்தேன். மாமா உள்ளே போய் மெஷின் தண்ணியை வெள்ளி டம்ளரில் கொண்டுவந்து நீட்டினார்.

“இது வேண்டாம் பெரிப்பா. போர்த் தண்ணி குடுங்க.”

“இதக் காட்டுனாத்தானே நல்லா வரும்?”

“நல்லா வர்றதுக்கு நான் எதுக்கு?”

போர்த் தண்ணியில் கடினத்தன்மை குறைவாகவே வந்தது. மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அடுத்து ஃப்ளோரைடு. சொட்டு மருந்தின் சிவப்பு வெளிறி வெளிறி மஞ்சளில் போய் நின்றது. அவள் அட்டையில் ஒத்துப் பார்த்து, “ஒன்னரைக்கு மேல பெரிப்பா. பேரப் புள்ளைங்களுக்கு இதக் குடுக்காதீங்க” என்றாள். ஆயிரத்து நூறு அடி என்று மாமா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, திடீரென்று தெம்பு வந்தவராக எழுந்தார்.

“அந்தப் பழைய கெணத்தப் பாரு. எங்கப்பாரு குடிச்ச தண்ணி. அதுல ஒன்னும் இருக்காது.”

அவரே வாளியை விட்டு மொண்டு வந்தார். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஃப்ளோரைடு அளவுக்குள் நின்றது. மாமா சிரித்தார். நைட்ரேட்டுக்கு மருந்து போட்டதும் தண்ணி ரோஸாகி, சிவந்து, அட்டையில் இருந்த கடைசி நிறத்தையும் தாண்டிப் போனது. அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “பெரிப்பா, இந்தக் கெணத்துக்குள்ள என்னமாச்சும் வருதா?” என்று கேட்டாள்.

மாமா யோசித்தார். சமையலறையிலிருந்து அத்தைதான் பதில் சொன்னார்: “கக்கூஸ் பைப்பு வருதே சாமி. கெணறு சும்மாதானே கெடக்குதுன்னு போன வருசந்தான உங்க பெரிப்பா அதுல திருப்பி உட்டாரு.”